சூடான காந்தத்தின் பிடி

12.6.2025, வியாழன்
காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி வந்தபோது மகள் மகிமா கம்ப்யூட்டரை விட்டு எழவேயில்லை. நானே குடத்தோடு போனேன்.

கிரேனில் தொங்கும் மின்காந்தங்களை வடிவமைக்கிறாளே, அதற்கான மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. காந்தத்தைத் திரையில் சின்னச் சின்ன முக்கோணங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் காந்தப்புலத்தைக் கணக்கிடும். எங்கே பொடியாக நறுக்க வேண்டுமென்று முன்பு இவள் சொல்ல வேண்டும். இப்போது புலம் எங்கே வளைகிறதோ அங்கே அதுவே பொடியாக்கிக்கொள்கிறது. நெத்திலிக்குச் சின்னக் கண், வஞ்சிரத்துக்குப் பெரிய கண் என்று வலையே முடிவு செய்துகொண்டால் எப்படியிருக்கும்! நான் டீச்சராக இருந்தபோது வந்திருந்தால் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, சூட்டையும் புலத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. பழையதில் கம்பிச் சுருளின் சூட்டை இவள்தான் உத்தேசமாகக் கொடுத்தாள்.

14.6.2025, சனி
என் தம்பி தவசிமுத்துவின் காந்தத்தைப் புதியதில் போட்டுப் பார்த்திருக்கிறாள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அவன் கடையில் ஈஸ்டர் முடிந்து மாட்டியது. அக்கா மகள் செய்தது என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். ஒரே நேரத்தில் ஐந்து தகடு தூக்கும்.

மதியத்துக்கு மேல் ஐந்தாவது நிற்காது என்கிறது கணக்கு. சுருள் சூடானால் மின்சாரம் குறையும், பிடி தளரும். காலையில் ஐந்து மூட்டை சுமந்தவர் மூன்று மணிக்கும் அதையே சுமப்பாரா?

தகட்டை இறக்கி அணைத்தால் அடுத்ததைத் தூக்கும்வரை அணைந்தே இருக்கும் என்று மகிமா நினைத்திருந்தாள். அங்கே தகட்டை விட ஒரு நொடி அணைத்துவிட்டு உடனே போட்டுவிடுகிறார்கள். அடுத்த தகடு வரும்போது மறுபடி போட நேரமாகுமாம்.

சோதனையில் தெரியவில்லையா என்று கேட்டேன். எங்கள் வீட்டு வழக்கம்தான் காரணம். சபை ஐயர் வந்து ஜெபம் செய்யாமல் புதுச் சாமானைத் தொடமாட்டான் தம்பி. ஜெபம் விடிந்ததும். சோதனை அது முடிந்த கையோடு. காந்தம் ஜில்லென்று இருந்தது. ஐந்தையும் தூக்கியது, கை தட்டினோம், கேசரி சாப்பிட்டோம்.

16.6.2025, திங்கள்
மகிமாவின் கம்பெனி முதலாளி, தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்கிறாராம். சோதனையில் தேறிய சாமான், நீ போய் வாயைத் திறந்தால் மற்ற கடைக்காரர்களும் கேட்பார்கள், அப்புறம் இங்கே உனக்கு வேலையில்லை என்று.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கவில்லை. ஆனால் காந்தத்துக்குக் கீழே ஆட்கள் நிற்கிறார்களே?

17.6.2025, செவ்வாய்
அவளே கிளம்பினாள். கூடப் போனேன்.

தம்பி முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "ஏட்டி, கம்ப்யூட்டர்ல புதுசு வந்தா என் இரும்பும் புதுசா மாறிருமா?"

"இரும்பு மாறல மாமா. நான்தான் பாதி நாளைப் பாக்காம விட்டுட்டேன்."

கிரேன் ஓட்டும் தண்டபாணி எண்ணூர்க் குப்பத்துக்காரர். மேலேயிருந்தே, "இன்னாக்கா, காந்தத்துக்குக் காய்ச்சலா கீது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மகிமா ஒன்றுதான் கேட்டாள். மூன்று மணிக்கு ஆட்களை விலக்கிவிட்டு, ஐந்து தகட்டை ஒரு முழம் தூக்கிப் பார்க்க வேண்டும். தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. ஆட்கள் முன்னால் கடையைச் சோதிக்கிறாயா என்றான். ஆனாலும் தூக்கச் சொன்னான்.

ஐந்தாவது தகடு தூக்கும்போதே விழுந்தது. மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. தண்டபாணி இறங்கி வந்து, அந்தத் தகட்டின் பக்கத்தில் குந்திவிட்டார்.

"இவளக் கூட்டிட்டுப் போ அக்கா," என்றான் தம்பி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

20.6.2025, வெள்ளி
மகிமாவுக்கு வேலை போய்விட்டது.

29.6.2025, ஞாயிறு
கோயிலில் ஆராதனைக்குத் தம்பி குடும்பம் வேறு வரிசையில் உட்கார்ந்தது. அவன் மனைவி ரெஜினா தூரத்திலிருந்து தலையசைத்தாள். தம்பிக்குக் கோபம் மகிமா மேலா, எல்லோரும் பார்த்ததாலா? எனக்கென்ன தெரியும். ஆண்டவரே, எனக்கு இருப்பது ஒரு தம்பி.

9.7.2025, புதன்
பென்ஷன் வேலையாகப் போய்விட்டு சாத்தாங்காடு வழியாகத் திரும்பினேன். பஸ் நெரிசலில் நின்றது. தம்பி கடைக் காந்தம் கீழே இறங்கியிருந்தது. மேலே வெள்ளைப் பெயின்டில், கொட்டை எழுத்தில், எத்தனை தகடு என்று எழுதியிருந்தான். அவன் கையெழுத்துதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகிமா வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலுதானே?"

"மூணு."

"நான் நாலு வரைக்கும் தாங்கும்னுதாம்மா சொன்னேன்," என்றாள். பிறகு சிரித்தாள்.