வண்டிக்கு மட்டும்தானா ஓய்வு?

இன்று காலையும் கியர் ஆயில் கருகிய வாடை. புதுவாயல் தாண்டிப் பாலத்து மேட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நம் நாஷ்டாக் கடை டிரெயிலரைப் பின்னால் மாட்டிக்கொண்டு உன் தம்பி ஓட்டினான். மேட்டில் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டி பின்னால் போகாமல் நிறுத்தி வைத்திருந்தான். லாரி ஓட்டிய காலத்தில் பாதி கிளட்சில் நிறுத்திய பழக்கம். ஆட்டோமேட்டிக்கில் அப்படிச் செய்தால் ஆயில் வெந்துவிடும் என்று எத்தனை முறைதான் சொல்வது?

"இன்னா அண்ணி, வண்டின்னா கொஞ்சம் வாடை வராதா?" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் பாதி, உன்மேல் பாதி. இந்த வண்டியை என் தலையில் கட்டிவிட்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். கியர்பாக்ஸ் போனால் கும்மிடிப்பூண்டி கம்பெனி வாசலில் கடை இல்லை. கடை இல்லையென்றால் வீட்டில் உலை இல்லை.

நீ இதை வாங்கி வந்த அன்று தெருவே சிரித்தது. "கிளட்சே இல்லாத வண்டிய வாங்கிக்கினு வந்து நிக்கிறான் பாரு, இது இன்னாத்த இழுக்கும்?" என்றார்கள். நீ காதில் வாங்கவில்லை. நம் பழைய வேனை ஓட்டிப் பழகிய என் இடது கால், முதல் நாள் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை மிதித்தது. பின்னால் சாம்பார் அண்டா கவிழ்ந்தது. "அந்த எடது கால மடக்கி வச்சிக்கோமே, அதுக்கு இங்க வேலயே இல்ல" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். டிரெயிலரைக் கழுவியது நான்தான்.

ஞாயிறு தவறாமல் ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்து, முகர்ந்து பார்ப்பாய். ஆயில் பழுப்பேறியிருந்தால் அன்று உனக்குச் சோறு இறங்காது. வண்டி முழுசாக நிற்பதற்குள் நான் ரிவர்ஸ் போட்டுவிட்டால் முறைப்பாய். வெயில் நாளில் பாலம் ஏறி இறங்கியதும் ஓரங்கட்டி, கியரைப் பார்க்கிங்கில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருப்பாய். எஞ்சின் ஓடினால்தான் ஆயில் சுற்றிவந்து சூடு தணியுமாம்.

"ஷிப்டு மாறிடும்யா! அப்பால இட்லிய யாருக்கு விக்கிறது?" என்று கத்துவேன்.

"இரும்மே. சூடு ஏறுனா நிறுத்தணும். அவ்ளோதான்."

அந்தச் சட்டம் வண்டிக்கு மட்டும்தானா? காட்டுப்பள்ளிக்கு ஆர்டர் எடுத்துப் போன அன்று விடியும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். "வாயுதான்மே" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாய். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. போய்ச் சேர்ந்து, கை பிரேக்கை இழுத்து, அப்புறம் பார்க்கிங்கில் போட்டு, எல்லாம் முறைப்படி செய்துவிட்டுத்தான் சாய்ந்தாய். ஊருக்குத்தான் உபதேசம். இதை எழுதும்போதும் அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

இன்று உன் தம்பியை நகரச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். பாலம் தாண்டி ஓரங்கட்டினேன். போனில் கம்பெனி வாசலிலிருந்து பசங்கள், "அக்கா, எங்க வந்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டபடி இருந்தார்கள். வாடை அடங்கும்வரை நகரவில்லை. பாதி இட்லி மிஞ்சியது. வியாபாரம் முடித்து மெக்கானிக்கிடம் காட்டியதில், ஆயிலை மாற்றினால் போதும், கியர்பாக்ஸ் தப்பித்தது என்றார்.

ஓரங்கட்டிக் காத்திருந்தபோது எனக்குத் தலை சுற்றியது. இன்று மட்டுமல்ல, கொஞ்ச நாளாகவே சுற்றுகிறது. வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நீ வாயு என்று சொன்ன மாதிரியே. திரும்பும்போது உன் தம்பியையே ஓட்டவிட்டேன். கவரைப்பேட்டையில் ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் அண்ணி, பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குது."

"நிறுத்துடா" என்றேன். அவன் மிரண்டுபோனான், பாவம். அந்தக் கத்தல் அவனுக்கானது இல்லை.

டாக்டர் பிரஷர் மாத்திரை கொடுத்திருக்கிறார். உன்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன். அது இருக்கும்வரை மாத்திரையை மறக்க மாட்டேன்.