பாறையில் போட்ட மேசை

ஞாயிறு. ருவான்வெல்லை ஆற்றோரம், கேரவனுக்குள்.

நேற்றுப் பழைய கோட்டையைக் காட்டிவிட்டு வண்டியை இங்கே, ஆற்றோரச் சுற்றுலா முகாமில் நிறுத்தினேன். நான் வழிகாட்டியாக அழைத்து வந்திருக்கும் வெள்ளைக்காரத் தம்பதி ஆளரவம் இல்லாத இடம் கேட்டிருந்தார்கள். காலையில் ஆற்றோரத் தட்டைப் பாறையில் அவர்களுக்கு மேசை போட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் தலையை மழித்திருந்தார். கையில் வாழையிலை, அதில் பிண்டம். அவருடைய அம்மாவுக்கு இன்று கருமாதி. முகாமின் காவல்காரர் என்னிடம் சிங்களத்தில், இது இப்போது தனியார் இடம், உன் ஆட்கள்தானே, நீயே சொல்லி அனுப்பு என்றார்.

நானே சொன்னேன். "அண்ணே, கொஞ்சம் கீழ போய்ச் செய்ங்க. தொரைங்க சாப்பிடுறாங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க மேல் லயத்து மாரிமுத்து மகன்தானே? உங்கப்பாவுக்கும் இங்கதானே செஞ்சோம். நான்தானே ஒங்க தலையில தண்ணி ஊத்துனேன்."

நான் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லோரும் ரப்பர் மரங்களுக்குள் இறங்கிப் போனார்கள்.

யார் அவர்கள் என்று அந்த வெள்ளைக்கார அம்மா கேட்டார். குளிக்க வந்தவர்கள் என்றேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சட்டென்று வந்தது?

இந்தப் பாறையைக் காவல்காரர் காட்டவில்லை. அமைதியான இடம் என்றதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

நாளைக்கும் மேசையை அங்கேயே போடச் சொல்லியிருக்கிறார்கள்.