சனிக்கிழமை பிடுங்கிக் காட்டும் வேலை

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஹந்தானை பஸ் வரவில்லை. பேராதனை லெப்புக்கு ஓட்டோ.

ரிப்போர்ட் சேமிக்கும் புது டிஸ்க் பெட்டி இரண்டும் பொருத்தியாச்சு. ஒன்று இங்கே, அதன் பிரதி டவுன் கிளையில். இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். சேர்வரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேபிள் வழி, ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். நாலும் ஒரே டிஸ்க்தான் என்று சேர்வரை ஓட்டும் லினக்ஸுக்குப் புரியவைக்க மத்தியானம் வரை மல்லுக்கட்டு. கடைசியில் கேட்டது! சும்மா காத்திருக்கும் வழிகளுக்குத் திரையில் 'கோஸ்ட்' என்று பெயர். பேயாம். கேபிள் வேலை பார்க்கும் ரியாஸ் நானா உடனே பிஸ்மி சொன்னார்.

மெனேஜர் வந்தார். சனிக்கிழமை அவர் கண் முன்னால் ஒரு பக்கக் கேபிளைப் பிடுங்கிக் காட்டவேண்டும். ரிப்போர்ட் நின்றால் சேர்வர் வேலை கொழும்புக் கம்பெனிக்கு. "நீங்க ரெண்டு பேரும் பிரிண்டருக்குப் பேப்பர் போடலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வாங்கவேண்டியவை: தம்பிக்குத் தீபாவளி சேர்ட். குடைக் கம்பி.

16, வியாழன்

வெயில்! சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை. கேபிள்கள் போய்ச் சேரும் சுவிட்ச் பெட்டி இரண்டில் ஒன்றை அணைத்தோம். சேர்வர் அப்படியே உறைந்தது. லெப்பில் ஒரே கூச்சல்.

நானா நிறம் பார்த்துக் கட்டியிருக்கிறார். டிஸ்குக்குப் போகும் நீலக் கேபிள் எல்லாம் ஒரே பெட்டியில், சடை பின்னிய மாதிரி.

"நானா, எல்லா வழியும் ஒரே பெட்டிக்குத்தானே போகுது. அப்புறம் எப்படிங்க ரெண்டு வழி?"

"கலர் கலந்தா அசிங்கமா ஈக்குமே, தங்கச்சி."

கஷாயம் குடிக்கிற முகத்தோடு இரண்டு பெட்டிக்குமாகப் பிரித்து மாட்டினார். மறுபடி அணைத்துப் பார்க்க மெனேஜர் விடவில்லை. இனிச் சனிக்கிழமைதான். பயம்.

18, சனி

இளவெயில். தேத்தண்ணி போடும் சோமா அக்காவின் ஏற்பாடு: புதுச் சாமான் என்றால் சுபநேரத்தில் பால் பொங்கவேண்டும். சேர்வர் அறையில் நெருப்பு கூடாது, அதனால் கதவடியில் கரண்ட் அடுப்பு. எல்லோரும் சட்டியையே பார்த்தபடி. நான் மனதுக்குள் முருகா, முருகா. பொங்கி வழிந்தது. கைதட்டல்.

"ஹரி, இப்ப புடுங்குங்க" என்றார் மெனேஜர் என்னிடம்.

திரையைப் பார்த்தேன். நாலில் இரண்டு வழி ஏற்கெனவே செத்துக் கிடந்தது. நானா கதவடியில் குனிந்தார். ஒரு சுவிட்ச் பெட்டியின் பிளக் தரையில், அது இருந்த இடத்தில் அடுப்பின் பிளக்.

"ஐயோ, நான்தானே கழட்டினது! நல்ல நேரம் போகப் பார்த்துச்சே" என்றார் சோமா அக்கா.

லெப்புக்கு ஓடினேன். "ரிப்போர்ட் வருதாங்க?"

கவுண்டரில் இருந்த பிள்ளை நிமிரவேயில்லை. "வந்துகிட்டே இருக்கே. ஏன், நிக்கணுமா?"

சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி ஓடிவந்து, ரிப்போர்ட் நிற்கவில்லை என்று கத்திவிட்டேன். நானா என் தோளைத் தட்ட வந்து, சுதாரித்து, மேசையைத் தட்டினார்.

மெனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எப்ப புடுங்கப் போறீங்க?"

"சோமா அக்கா எப்பவோ பிடுங்கிட்டாங்க, சேர்."