அப்பா உதட்டில் சொன்ன ஜெபம்

என் பிரியமான அப்பாவுக்கு,

அங்கே பரலோகத்தில் உங்களுக்குக் குரல் திரும்பக் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு உங்கள் குரல் மறந்துகொண்டே வருகிறது. உதடு அசைவது மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது. ஒரே ஒரு தடவை "எஸ்தரு" என்று கூப்பிட்டுவிட்டுப் போனால் என்னவாம்?

அம்மா நன்றாக இருக்கிறாள். நீங்கள் உபதேசியாராக இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சபைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். உங்களைவிட நீளமாகப் பிரசங்கம் செய்கிறார், நம்புங்கள். நான் அதே ராஜபாளையம் மில்லில்தான், நூல் நூற்கும் அதே ரிங் ஃபிரேம் மிஷினில், அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். டீச்சர் வேலை இன்னும் வரவில்லை. பி.எட். சான்றிதழ் பீரோவில் பத்திரமாகத் தூங்குகிறது.

என்னைவிட உங்களுக்குத்தானே அந்த ஆசை அதிகம்? தினமும் சாயங்கால ஜெபத்தில், "ஆண்டவரே, எம் மகள அந்த மில்லுல இருந்து வெளிய கொண்டுவாரும்" என்று கேட்பீர்கள். தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு உட்கார்ந்து, நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வேன்.

பிறகு தொண்டையில் அந்தப் பாழாய்ப்போன கட்டி. ஆபரேஷன் செய்து, குழாய் வைத்து, குரலை எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் வாயசைத்தது யாருக்கும் புரியவில்லை. எழுதக் கை நடுங்கியது. தண்ணீரா, போர்வையா என்று கேட்டுக் கேட்டு அம்மா அழுதாள். நான் ஷிப்ட் முடிந்து நேரே வந்து நின்றேன். உங்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"ஜன்னலச் சாத்தணுமாம்மா. வெயில் கண்ணுல அடிக்காம்."

"ஏட்டி, ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. மில்லில் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம், சண்டை உட்பட.

அன்றிலிருந்து நீங்கள் வாயசைக்க, நான் சத்தமாகச் சொல்ல, நம் சாயங்கால ஜெபம் கட்டிலருகே நடந்தது. கடைசி வாரத்தில் ஒருநாள் வழக்கமான இடத்துக்கு வந்தீர்கள். "மில்லுல இருந்து வெளிய" என்று நானே முந்திக்கொண்டேன். தலையை ஆட்டி நிறுத்தினீர்கள். என்னைப் பார்த்து, நிதானமாக உதட்டை அசைத்தீர்கள்.

"எம் மகள அங்க வச்சீரே ஆண்டவரே, ஸ்தோத்திரம்."

"அவிய என்னட்டி சொல்லுதாவ?" என்று அம்மா கேட்டாள். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்தத்தான் எனக்கு ஆசை. இன்றும் பள்ளிக்கூட மணி கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன். மில்லுக்காக நன்றி சொல்ல எனக்கு எப்படி மனசு வரும்? அந்த வரியைச் சொல்லாமலே ஆமென் போட்டேன். இதுவரை அம்மாவுக்கு அது தெரியாது.

இன்று காலை பக்கத்து மிஷின் கோதை என் தோளைத் தட்டினாள். ஆண்டாள் தேருக்கு வடம் பிடிக்காமல் ஒரு வருஷமும் இருந்ததில்லை அவள். "மகனுக்கு நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. ஒங்க சாமிகிட்ட செத்த நேரம் சொல்லேன்" என்றாள், உதட்டாலேயே.

அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே, சத்தமில்லாமல் ஜெபித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடித்ததும் அவள் உதடும் "ஆமென்" என்றது. அவ்வளவு இரைச்சலில் ஒரு வார்த்தைகூட விடாமல் வாங்கியிருக்கிறாள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அப்பா.

டீச்சர் ஆசை போகவில்லை. அதை விட்டுவிடச் சொல்லி நீங்களும் கேட்கவில்லையே. ஆனால் இன்று சாயங்காலம் அம்மா பாயை விரித்து உட்கார்ந்ததும், மிச்சம் நிற்கும் அந்த வரியை அவள் காது கேட்கச் சொல்லிவிடுவேன். அது நீங்கள் சொன்னது என்றும் சொல்வேன். இந்தத் தடவை ஆமென் உங்களுடையது. சத்தம் வராவிட்டால் பரவாயில்லை, உதட்டை அசைத்தால் போதும்.

கடைசி நாட்களில் உங்கள் குரலாக இருந்த மகள்,
எஸ்தர்