மரண அறிவித்தலில் நான் விட்ட சொல்

என் அருமை அப்பா,

பேப்பருக்கு உங்கள் மரண அறிவித்தலை எழுதிக் கொடுத்தது நான்தான். 'இளைப்பாறிய துறைமுக உத்தியோகத்தர்' என்று போட்டேன். ஸ்டூடியோவில் சொல்லி உங்கள் படத்துக்குக் கோட்டும் டையும் வேறு மாட்டினேன். ஓ.எல். பரீட்சையை மூன்று தரம் எழுதிவிட்டு, வெள்ளவத்தைப் புடவைக்கடையில் சீலை விரித்துக் காட்டுகிறவனுக்கு அப்பாவின் தொழிலில் வெட்கம்! சிரிக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை முழுக்க உங்களைக் கயிற்றுக்காரர் என்றுதானே கூப்பிட்டது? துறைமுகத்தில் அதற்குப் பொருள், கப்பலிலிருந்து எறியும் கயிற்றைப் பிடித்துக் கரையில் கட்டுகிறவர். எங்கள் ஒழுங்கையில், கல்யாணப் பந்தலுக்கும் லொறியில் ஏற்றும் அலுமாரிக்கும் முடிச்சுப் போடுகிறவர். தேரன்று வடத்தின் முன்தலையில் நிற்கிறவர். என் வகுப்பில் மட்டும் அது எமன். "டேய், உன்ர அப்பாவின்ர எருமை எங்கையடா?" என்பார்கள். அந்தக் கூச்சம் இந்த வயதிலுமா எனக்குள் கிடந்தது?

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து இரண்டாம் நாள், உங்களோடு வேலை செய்த செபமாலை மாமா வந்தார். கையில் பேலியகொடையில் வாங்கிய பாரை மீன்.

"மணியம்! கத்தியைத் தீட்டு, மச்சான்!" என்று வாசலில் நின்று உங்களைக் கூப்பிட்டார்.

துடக்குக் கழியும்வரை மரக்கறி மட்டும் சமைக்கிற வீடு, அப்பா. நான் வெளியே வந்து, நீங்கள் போய்விட்ட விஷயத்தைச் சொன்னேன். மீன் பையை மதிலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து இருந்தார்.

"பேப்பரில பாத்தனான் தம்பி. சிவசுப்பிரமணியம், கோட்டுப் போட்ட உத்தியோகத்தர். ஆரோ பெரிய மனுசன் எண்டு மற்றப் பக்கத்தைப் புரட்டிட்டன். கயிற்றுக்காரர் எண்டு ஒரு சொல் போட்டிருந்தா ஓடி வந்திருப்பனே."

"மன்னியுங்கோ மாமா."

"முப்பது வருசம் ஒரே கயித்தில கை வைச்சனாங்களடா. கடைசியா முகம் பாக்க விடேல்லையே."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இந்த நினைவு மலரில் கயிற்றுக்காரர் என்றே அச்சடித்திருக்கிறேன். அவர் பார்க்காமல் விட்ட முகத்தை எந்த அச்சகத்தில் திருத்துவது?

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று விடிய நானே போய் மாமாவைக் கூட்டி வருவேன். மோதரைக் கடலில் உங்கள் சாம்பலைக் கரைக்கையில் முதல் பிடியை அவர் கையில் கொடுப்பேன். மூத்த மகன்தான் கரைக்க வேண்டும் என்று ஐயர் சொன்னால், மூத்தவன் கொஞ்சம் பின்னுக்கு நிற்கட்டும் என்பேன்.

உங்கள் மூத்தவன்