மாமன் மடியில் ஒரு கேள்வி

கீழத்தெரு
9.5.86

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை அன்னக்கொடி எழுதுவது.

இங்கே நானும் பிள்ளை ஜெயக்கொடியும் சுகம். நாலு தெரு தள்ளி இருக்கிற உன் சுகத்தைத் தபாலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது, பார். நீ பஞ்சாயத்துத் தலைவரானதிலிருந்து உன் வாசலில் வேட்டிக் கூட்டம் கலைவதே இல்லை. வந்து வந்து திரும்பினேன். அண்ணி காப்பி கொடுத்தாள், நீதான் கிடைக்கவில்லை.

எலெக்ஷனில் இந்தத் தெருவில் உனக்காக வீடு வீடாகப் போனவள் நான். அடிபம்பு வரும் என்று சொன்னதும் நான்தான், நீ சொல்லச் சொன்னாய். இப்போது அந்தப் பம்பைக் காளை மெம்பர் களத்தை ஒட்டிப் போடப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். நிஜமா? குடத்தோடு தெருவில் இறங்கவே கூச்சமாக இருக்கிறது. ஒருத்தியும் என்னைக் கேட்பதில்லை. என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு நாலு வார்த்தை வைதாலும் தேவலை.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஊரார் வந்து உட்காரலாமாம். பேரையூரில் ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். நான் வந்து கேட்கட்டுமா?

உன் அன்புத் தங்கை
அன்னக்கொடி


மேலத்தெரு
14.5.86

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கார்டு வந்தது. எனக்கு முன்னால் தபால்காரர் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். இனி எழுதுவதாக இருந்தால் கவரில் எழுது.

பம்பு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. காளை எனக்காக வண்டி கட்டி ஆள் கொண்டுவந்தவன், அவன் முகத்தில் அடித்த மாதிரிப் பேச முடியுமா? கேட்க வேண்டியதை வீட்டுக்கு வந்து கேள். அடுப்படியில் உட்கார்ந்து கேள், சொல்கிறேன். சபையில் கூடப் பிறந்தவள் எழுந்து நின்றால் எனக்குத்தான் அசிங்கம்.

பிள்ளை காதுகுத்துக்கு நாள் பார்த்துவிட்டேன். ஜூன் 12, வியாழக்கிழமை காலை. கம்மலுக்குச் சொல்லியாச்சு. தாய்மாமன் சீர் ஒரு குறையும் இல்லாமல் வரும். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

உன் அண்ணன்
மலையாண்டி


கீழத்தெரு
8.6.86

அன்புள்ள அண்ணனுக்கு,

மறுபடியும் கார்டுதான். கோபிக்காதே, இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடி அடுப்படிக்கு வந்து கேட்டேன். “பாப்போம்” என்றாய். அதைக் கொண்டுபோய்த் தெருவில் எப்படிச் சொல்வது?

நேற்று மொக்கையன் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குத் தண்டோரா போட்டான். ஊரே சந்தைக்குப் போன நேரத்தில், கண்மாய்க் கரையில் நின்று போட்டான். நான் அங்கே எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் எருமைக்கும் நன்றாகக் கேட்டது. கூட்டம் 12-ஆம் தேதி காலை பத்து மணிக்காம். காதுகுத்தும் அதே நேரம். தங்கச்சி விசேஷத்தை விட்டு வரமாட்டாள், காளை களத்துப் பம்புக்கு அவசரமாகக் கையெழுத்தை முடித்துவிட்டுச் சீரோடு வந்துவிடலாம் என்று நினைத்தாய், இல்லையா?

ஆனால் அண்ணே, உன் மடி இல்லாமல் என் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? நீ இருக்கிற இடத்துக்குப் பிள்ளை வரும். ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். சொந்தபந்தத்துக்கும் கீழத்தெருப் பெண்களுக்கும் பஞ்சாயத்து ஆபீஸில்தான் விசேஷம் என்று வெற்றிலை பாக்கு வைத்துவிட்டேன். உன் மாப்பிள்ளை கப்பலூர்க் கம்பெனியில் லீவு போட்டு வருகிறார். “ஒங்க சண்டைல என்னைய இழுக்காத” என்று இப்போதே சொல்லிவிட்டார்.

உன் தங்கை
அன்னக்கொடி


13.6.86

அன்னக்கொடிக்கு,

பிள்ளைக்கு ஒரு காது குத்தி, அது என் மடியில் வீறிட்டு அழுகிறது. வாசல்வரை பெண்கள் நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து நீ எழுந்து, “அண்ணே, பம்பு எங்க போடுற? இங்கயே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்” என்கிறாய். எழுந்து போகவும் முடியவில்லை, பிள்ளை என் மீசையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழத்தெருவில்தான் என்று வாயில் வந்துவிட்டது. அம்புட்டுப் பேர் முன்னால் மெம்பர்களும் தலையாட்டிவிட்டார்கள், கிளார்க் எழுதியும் விட்டார்.

அதற்குமேல் அங்கே இருக்க என்னால் ஆகவில்லை. அதனால்தான் பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

காளை இனி என் படி மிதிக்க மாட்டான். நீயும் மிதிக்க வேண்டாம். கேட்பது எதுவானாலும் சபையிலேயே கேட்டுக்கொள்.

பெ. மலையாண்டி
ஊராட்சி மன்றத் தலைவர்


கீழத்தெரு
20.7.86

அன்புள்ள அண்ணனுக்கு,

முதல் தடவையாகக் கவரில் எழுதுகிறேன். இது தபால்காரர் படிக்கிறதுக்கு இல்லை.

பம்பு வந்துவிட்டது. தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிறது, சமையலுக்கு ஆகும். பெண்கள் என்னைக் கண்டு பேச்சை நிறுத்துவதில்லை. “சபையில சொன்னாரு, செஞ்சுட்டாரு” என்று உன்னைத்தான் சொல்கிறார்கள். அது உன் காதுக்கு வந்ததோ என்னவோ.

போன கூட்டத்துக்கும் வந்தேன். உட்காரச் சொல்ல ஆள் இல்லை, பின்னால் நின்றே தெருவிளக்கைப் பற்றிக் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுங்கள் என்று கிளார்க்கிடம் சொன்னாய். நான் உனக்கு அந்த அம்மாவா? வீடு வரை அடக்கிக்கொண்டு வந்து அழுதேன்.

ஆனாலும் அண்ணே, கேட்டது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அடுப்படியில் நீ எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்வேன், நான் தங்கச்சி. தெருவுக்கு வாக்குக் கொடுத்தவள் சபையில்தான் கேட்க முடியும்.

ஜெயக்கொடிக்கு இன்னமும் ஒரு காதில்தான் கம்மல். மற்றது உன் சட்டைப் பையோடு போய்விட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நம் பெரியப்பா மகனை மாமன் முறைக்கு உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்கிறார் உன் மாப்பிள்ளை. நான் முடியவே முடியாது என்றுவிட்டேன்.

ஆடி கழிந்ததும் வா. விசேஷம் இந்தத் தடவை எங்கள் வீட்டில்தான். அன்றைக்கு உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். தெருவிளக்கைக் கூட்டத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

அன்னக்கொடி


மேலத்தெரு
18.8.86

அன்புத் தங்கச்சிக்கு,

கார்டிலேயே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

வியாழக்கிழமை வாரேன். ஆசாரியை வரச் சொல். கம்மல் பத்திரமாக இருக்கிறது.

ஆபீஸில் பின்னால் ஒரு பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்
மலையாண்டி