மங்கு, வாளி, பீப்பா

“எது நெறஞ்சதுன்னு சொன்னாரு? சரியா சொல்லு லா.”

நீ என்னிடம் கேட்ட அந்தக் கேள்வி, நேற்று ஆயர் தாவாரில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது திரும்ப வந்தது. முன்னால் நின்ற லோரி நிறைய ரப்பர் கட்டிப்பால். அந்த நாற்றத்தில்தானே நாம் பாடிப் பழகினோம்.

எழுபதுகளின் கடைசி. ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உன் மின் கித்தார், உன் மனைவியின் தம்பி மணியத்தின் டிரம், கூடச் சேர்ந்து பாட தோட்டப் பள்ளி வாத்தியாராக நான். சினிமாப் பாட்டு வேண்டாம், நாமே கட்டிய பாட்டுத்தான் என்பது உன் பிடிவாதம். பால் நிறுவையில் கை வைக்கிறார்கள் என்று நீ கட்டிய பாட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மேடைக்கு வருமுன்பே, பால் கணக்கு எழுதும் கிராணியின் காதுக்குப் போயிருந்தது. மின்சாரம் தரும் லைட் எஞ்சின் அவர் பொறுப்பில். நாம் ஏறியதும் அது நின்றது. மறுவருடமும் இப்படி நடந்தால் குழுவைக் கலைத்துவிடுவேன் என்றாய்.

யார் சொல்லியிருப்பார்கள்? கிராணியின் மகன் என் வகுப்பில் படித்தான். அவர் வீட்டில் நான் தேநீர் குடித்ததுண்டு. நீ என்னைப் பார்த்த பார்வையில் அதெல்லாம் இருந்தது. நான் மணியத்தைப் பார்த்தேன். மணியம் நம் இருவரையும் பார்த்தான்.

வகுப்பில் பிள்ளைகள் பார்த்து எழுதுவதாகத் தோன்றினால், அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரே கணக்கை எண்ணை மட்டும் மாற்றிக் கொடுப்பேன். விடையே காட்டிக்கொடுத்துவிடும். இதை உனக்குச் சொன்னவனே நான்தான். நீ அதை எங்களிடமே செய்தாய். புதுப் பாட்டின் ஒரு வரியை ஆளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தாய். மேடை ஏறும்வரை அந்த இடத்தில் தன்னனானா போதும் என்றாய். எனக்கு, “மங்கு நெறஞ்சும் தராசு நெறயலயே.” மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்தான் மங்கு. மணியத்துக்கு அந்த இடத்தில் வாளி. உனக்குப் பீப்பா. சொல் வேறு வேறு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுவருடத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் கிராணி பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, சிரித்தபடி அந்த வரியைச் சொன்னார். ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். அப்போது கேட்ட கேள்விதான் அது.

பீப்பா என்றார், ஏன் மாற்றிச் சொன்னார் என்று தெரியவில்லை என்றேன். நீ கித்தாரைக் கீழே வைத்தாய்.

பால் வெட்டிவிட்டு வந்து நீ தினமும் குளித்த பொதுக் குழாய், கிராணி வீட்டு அடுப்படிக்கு நேர் பின்னால் இருந்தது. பாடாமல் நீ குளித்ததே இல்லை. எல்லாம் விளங்கியதும் மணியம் மெதுவாகச் சொன்னான்.

“மச்சான், திருடன் சவுக்காரம் போட்டுக் குளிச்சிருக்கான் லா.”

அந்தத் திருவிழாவிலும் எஞ்சின் நின்றது. கித்தார் ஊமையானது. ஆனால் குழாயடியில் துணி துவைத்த பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பாட்டை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் பீப்பா என்றே பாடினார்கள். நீ குழுவைக் கலைக்கவில்லை.

சந்தேகம் மட்டும் என்னைத் தொற்றிக்கொண்டது. நீ ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால்கூட, எதற்கென்று யோசித்தேன். பிறகு ஈப்போவில் ஒரு கடை மாடியில் நம் கேசட்டைப் பதிவு செய்தபோது, அந்த வரியில் மூவரும் அவரவர் சொல்லையே ஒரே நேரத்தில் பாட வேண்டும் என்றாய். கேட்டவர்கள் பிழை என்றார்கள். அது என்னிடம் கேட்ட மன்னிப்பா, இல்லை இன்னொரு சோதனையா? உன்னையே கேட்டேன். “நீதான வாத்தியாரு, நீயே கண்டுபிடி” என்றாய்.

சித்தியவானில் உன் பாடையைத் தூக்கிய அன்று மணியத்திடமும் அதையே கேட்டேன். “ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லிருப்பாரு, என்கிட்ட ஒண்ணு” என்றான்.

மூன்றில் சின்னப் பாத்திரத்தைத்தான் எனக்குக் கொடுத்தாய். அதை இன்னும் விடவில்லை. கேசட்டில் அந்த வரி வரும்போதெல்லாம் உன் பீப்பாவுக்கு மேலே உரக்க மங்கு என்று பாடுகிறேன்.

இதை வாசிப்பவர்களில் யாராவது ஒருவர்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால், ஒன்று செய்து பாருங்கள். முதலில் உங்கள் குளியலறைச் சன்னலை மூடுங்கள்.